வாழைக்கரிப் பெட்டி

சிவகரன் வள்ளத்திலை லைற் போடுறேல்லை எண்டது வல்வெட்டித்துறைக் கரை முழுக்கத் தெரிஞ்ச விசயம். ஏன் போடுறேல்லை எண்டதுக்குத்தான் ஆளுக்கொரு கதை. விசர் எண்டார் ஒருத்தர். அம்மனுக்கு நேத்தி எண்டார் இன்னொருத்தர். செய்ததை நினைச்சு வெளிச்சத்துக்குப் பயப்பிடுறான் எண்டு வாயைக் கோணிக்கொண்டு சொன்னவையும் இருக்கினம். உந்தச் சனத்தின்ரை வாய்க்குப் பூட்டுப் போட ஆராலை ஏலும்? உண்மை தெரிஞ்ச ஒரே ஆள் அவன்ரை தங்கச்சி கோபிகா. தெரிஞ்சும் வாய் திறக்கேலாமல் இருந்ததாலை, அந்தக் கதைகளைக் கேக்கக் கேக்க அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

நடந்தது இதுதான். போன வருசம் வாடைக்காத்துத் தொடங்கின கையோடை, சிவகரன்ரை பெண்சாதி இராசமலரின்ரை தம்பி கஜானன் தன்ரை சின்ன வள்ளத்திலை கடலுக்குப் போனவன். கலியாணம் பேசி முற்றாக்கின பெடியன். நடுக்கடலிலை இஞ்சின் நிண்டு, வள்ளத்துக்கை தண்ணி ஏறத் தொடங்கிட்டுது. வயர்லெஸ் செற்றை எடுத்துக் கூப்பிட்டான். "அத்தான், சிவகரன் அத்தான், இஞ்சின் நிண்டிட்டுது, தண்ணி ஏறுது. உங்கடை லைற் எனக்குத் தெரியுது அத்தான். கெதியா வாங்கோ." அண்டைக்குக் கடலிலை நிண்ட மற்ற எல்லாச் செற்றிலையும் அந்தக் குரல் கேட்டது. எங்கேயோ தூரத்திலை நிண்ட பருத்தித்துறைக் கனிசியஸ் கூட மறுமொழி சொல்லி, வலையை வெட்டி விட்டிட்டு வள்ளத்தைத் திருப்பினவர். லைற் தெரியிற தூரத்திலை நிண்ட சிவகரன் மட்டும் ஒரு சொல்லும் சொல்லேல்லை. கூடப்போறவன் அண்டைக்கு வராததாலை தனிய நிண்டவன், தன்ரை பாட்டிலை வலை இழுத்துக்கொண்டிருந்தான். கனிசியஸ் வந்து சேரேக்கை கவிண்ட வள்ளம் மட்டும்தான் மிதந்தது.

ரெண்டு நாளாலை உடம்பு கரையொதுங்கிச்சுது. செத்தவீட்டிலை சிவகரன் சொன்னது ஒரே ஒரு வசனம். "எனக்குக் கேக்கேல்லை." இராசமலரின்ரை தாய் பாலேஸ்வரி, மகன்ரை தலைமாட்டிலை இருந்தபடி நிமிந்து பாத்தா. "லைற் தெரிஞ்ச தூரத்திலை நிண்டவருக்குக் குரல் கேக்கேல்லையாம்" எண்டு சொன்னா. கத்தேல்லை, குளறேல்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை, அழுகையோடை அழுகையாப் போயிருக்கும். அண்டையிலை இருந்து மாமியும் மருமகனும் ஒரே வளவுக்கை இருந்தும் முகம் பாத்துக் கதைக்கிறேல்லை. சமைக்கிறது மாமிதான், ஆனால் சாப்பாட்டுக் கோப்பை இராசமலரின்ரை கையாலைதான் அவனிட்டைப் போகும்.

கோபிகா கம்பசிலை பௌதிகம் படிச்சு, ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறவள். அண்ணை பொய் சொல்லுற ஆள் இல்லை எண்டது அவளுக்குத் தெரியும். காடாத்து, எட்டுச்செலவு எல்லாம் முடிஞ்ச பிறகு, வள்ளத்திலை கிடந்த லைற்றையும் செற்றையும் கழட்டிக்கொண்டு வந்து, முத்தத்திலை வைச்சுப் பற்றரி குடுத்துப் பாத்தாள். லைற் எரியாமல் நூர்ந்திருக்கேக்கை கடலிலை நிக்கிறவை கதைக்கிறது வடிவாக் கேட்டது. லைற்றைப் போட்ட உடனை 'உஸ்' எண்டு ஒரே இரைச்சல், ஒரு குரலும் இல்லை. அந்த லைற்றுக்குப் பக்கத்திலை, பற்றரிக் கரண்டை லைற்றுக்கு ஏத்தமாதிரி மாத்திக் குடுக்கிற ஒரு குட்டிச் சாமான் இருக்கு. அது கண் மூடித் திறக்கிறதுக்குள்ளை கணக்கில்லாத தரம் நூர்ந்து பத்தும். அந்தத் துடிப்பு காத்திலை பரவிப் போய்ச் செற்றின்ரை காதை அடைச்சுப்போடும். மற்றவையின்ரை நீட்டு வள்ளங்களிலை செற் லைற்றுக்கு எட்டத்திலை இருக்கும், சிவகரன்ரை வள்ளத்திலை ரெண்டும் பக்கத்திலை பக்கத்திலை.

ஓடிப்போய் அண்ணனிட்டைச் சொன்னாள். "அண்ணை, உங்களிலை ஒரு பிழையும் இல்லை. லைற் எரிஞ்சதாலைதான் உங்களுக்குக் கேக்கேல்லை."

சிவகரன் வடிவாக் கேட்டான். பிறகு, "லைற்றைப் போட்டது ஆர்?" எண்டான்.

"நீங்கள்தான்."

"அப்ப?" எண்டான். அவ்வளவுதான். "உதை ஆருக்கும் சொல்லாதை. சாட்டுச் சொல்லுறான் எண்டுவினம்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போயிட்டான்.

பாருங்கோ, ஆளைக் கரை சேக்கப் போனவள் இருட்டுக்கை தள்ளிவிட்டிட்டாள். அதுக்குப் பிறகு அவன் கடலிலை லைற் போட்டதே இல்லை. கும்மிருட்டுக்கை தடவித் தடவி வலை இழுப்பான். தூண்டில் முள்ளு ஒருக்கா உள்ளங்கையிலை ஏறி மற்றப் பக்கத்தாலை வந்தது. இன்னொருக்கா ஒரு பெரிய ரோலர்ப் படகு அவன் நிக்கிறது தெரியாமல் ஏறப்பாத்து, மயிரிழையிலை தப்பி வந்தவன். உப்பிடிப்பட்டவனோடை ஆர் கூடப் போவான்? தனியத்தான் போனான். தம்பியைக் குடுத்த கடலுக்குப் புருசனையும் குடுக்கப்போறன் எண்ட பயத்திலை இராசமலர் பாதியாய்ப் போனாள். கோபிகாவுக்குச் சோறு இறங்கேல்லை. தான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அண்ணை இப்பவும் வெளிச்சத்திலைதானே நிண்டிருப்பான் எண்டு நினைச்சு நினைச்சு அழுதாள்.

அழுதுகொண்டிருந்தால் ஆகுமே? வேறை லைற் வாங்கி மாத்திப் பாத்தாள். கடையிலை விக்கிறதெல்லாம் ஒரே சாதி, ஒண்டை ஒண்டு வெல்லுற இரைச்சல். பழைய குமிழ் பல்ப்பைப் போட்டால் பற்றரியைக் குடிச்சு முடிச்சுப்போடும். தகரத்திலை பெட்டி அடிச்சு அந்தக் குட்டிச் சாமானை மூடினால் இரைச்சல் வெளியிலை வராதுதான், ஆனால் எங்கடை உப்புக்காத்திலை தகரம் எத்தனை நாளைக்கு? மூடியும் பெட்டியும் முட்டுற இடத்திலைதான் முதல் கறள் பிடிக்கும். கறள் பிடிச்சால் அந்த இடுக்காலை இரைச்சல் திரும்பவும் ஒழுகும். அலுமினியமும் வெள்ளை வெள்ளையாப் பூத்துப்போகும்.

அப்பதான் அவளின்ரை ஆராய்ச்சி அவளுக்கே உதவிக்கு வந்தது. கம்பசிலை அவள் செய்துகொண்டிருந்தது வாழைநார்க் கரி. நீர்வேலியிலை நடராசா எண்டவரின்ரை தோட்டத்திலை குலை வெட்டின பிறகு எறியிற வாழைத்தண்டை உரிச்சு, நார் எடுத்து, காய வைச்சு, காத்துப் போகாமல் மூடி உலையிலை கடுஞ் சூட்டிலை கருக்கினால் ஒரு கரி வரும். அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் கறள் பிடிக்காது. மரமுந்திரிகைக் கோதிலை எடுக்கிற பிசினோடை குழைச்சு அமத்தினால் பலகை மாதிரி நிக்கும். அந்தப் பலகையாலை நாலு பக்கமும், மேலையும் கீழையும் அடைச்சால், உள்ளுக்கை எழும்புற இரைச்சல் சுவருக்குள்ளையே அலைஞ்சு சூடாகிச் செத்துப்போகும். அவள் அதுவரைக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைக்காகச் சின்னச் சின்னத் துண்டுதான் செய்தவள். இப்ப வள்ளத்துக்குப் பெட்டி செய்ய இறங்கினாள்.

சும்மா சொல்லக்கூடாது, படாத பாடுபட்டாள். முதல் செய்த பலகை வெடிச்சுது. அடுத்தது வளைஞ்சுது. பிசின் கூடினால் மின்சாரம் ஓடாது, குறைஞ்சால் பலகை உதிரும். கம்பசிலை அவளுக்குக் 'கரிக்கோபி' எண்டு பேரும் வைச்சிட்டினம். ஒரு நாள் பஸ்ஸிலை பக்கத்திலை இருந்த ஒரு அம்மா, "பிள்ளை, கண்ணுக்குப் பூசின மை கன்னமெல்லாம் ஊறியிருக்கு, துடையன்" எண்டு லேஞ்சியும் நீட்டினவ. அவ்வளவு கூத்துக்கும் பிறகு, ஒரு சோத்துப் பெட்டியளவிலை, மூடியோடை ஒரு கறுத்தப் பெட்டி வந்து சேர்ந்தது. லைற்றுக்குப் போற வயருக்கும் அதே நாரிலை ஒரு கறுத்த உறை பின்னிப்போட்டாள். கம்பசிலை வைச்சு அளந்து பாத்தாள். இரைச்சல் இல்லை. தனிய இருந்து சிரிச்சாள், அழுதாள், பேந்து முகம் கழுவிக்கொண்டு வல்வெட்டித்துறைக்கு பஸ் ஏறினாள்.

வீட்டிலை கதை லேசா முடியேல்லை. ஆருக்கும் சொல்லாதை எண்டவன்ரை முன்னாலையே, லைற்றின்ரை இரைச்சலைப் பற்றி இராசமலருக்கு எல்லாத்தையும் கொட்டினாள். இராசமலர் புருசனைப் பாத்தாள். "இஞ்சாருங்கோ, அப்ப உங்களுக்கு உண்மையாக் கேக்கேல்லையோ?" எண்டாள். ஒரு வருசமாக் கேக்காமல் வைச்சிருந்த கேள்வி. அவன் வலைக்கண்ணைப் பாத்துக்கொண்டிருந்தான். குசினிக்கை பாலேஸ்வரி தேங்காய் துருவுற சத்தம் நிண்டு, பிறகு திருப்பித் தொடங்கிச்சுது.

கடைசியா இராசமலர் கண்ணீர் விட்டதாலைதான் இறங்கி வந்தான். "ஒருக்கா மட்டும் போட்டுப் பாக்கிறன். சரிவராட்டி லைற் எண்ட கதையை இந்த வளவுக்கை எடுக்கக்கூடாது. ஓமோ?"

"ஓம் அண்ணை" எண்டாள் கோபிகா. வேறை என்ன சொல்லுறது?

கம்பசுக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நேரம் போச்சு. வாசல் படலையடியிலை நிண்டபடி, அவசர அந்தரத்திலை மச்சாளுக்குச் சொல்லிப்போட்டுப் போனாள். "மச்சாள், பெட்டியின்ரை விளிம்பும் மூடியின்ரை விளிம்பும்தான் முக்கியம். ரெண்டு விளிம்பும் வடிவா இருக்கவேணும். அதிலை பிழைச்சால் எல்லாம் பிழைக்கும்." இராசமலர் ஓம் எண்டு தலையாட்டினாள்.

சனிக்கிழமை கோபிகா வரேக்கை சிவகரன் பெட்டியை வள்ளத்திலை பூட்டி, மூடியை நைலோன் கயித்தாலை இறுக்கிக் கட்டி வைச்சிருந்தான். அவன் கட்டினால் கட்டினதுதான், அவிழ்த்துப் பாக்க அவள் நினைக்கேல்லை. மைமல் பொழுதிலை வள்ளம் போச்சு. கரையிலை கடற்றொழிலாளர் சங்கக் கட்டிடத்திலை ஒரு செற் இருக்கு. கோபிகாவும் இராசமலரும் அதுக்கு முன்னாலை நிண்டினம். ஆரும் கேட்டதுமில்லை, கூப்பிட்டதுமில்லை, பாலேஸ்வரியும் சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு பின்னாலை வந்து நிண்டா.

கடலிலை லைற் பத்திச்சுது. ஒரு வருசத்துக்குப் பிறகு அவன்ரை லைற். கோபிகா செற்றை எடுத்து, "அண்ணை, கேக்குதோ?" எண்டாள்.

ஒண்டுமில்லை.

"அண்ணை, நான் கோபி. கேக்குதோ?"

ஒண்டுமில்லை. திருப்பித் திருப்பிக் கூப்பிட்டாள். கன நேரத்துக்குப் பிறகு கடலிலை லைற் நூர்ந்தது. நூர்ந்த கையோடை அவன்ரை குரல் வந்தது. "இப்பதான் கேக்குது. விடு தங்கச்சி. இவ்வளவும் காணும்." குரலிலை கோவம் இல்லை. கோவம் இருந்திருந்தாலாவது சண்டை பிடிச்சிருக்கலாம். கோபிகா திரும்பிப் பாக்கேக்கை பாலேஸ்வரி வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தா. உவவுக்குச் சந்தோசமாத்தான் இருக்கும், தன்ரை மருமகன் பொய்யன் எண்டு முடிவாப் போச்செல்லோ எண்டு நினைச்சு கோபிகா பல்லை நறுமினாள்.

விடிய சிவகரன் வந்து, பெட்டியையும் லைற்றையும் கழட்டிக் கிணத்தடியிலை வைச்சிட்டுப் படுக்கப் போயிட்டான். கோபிகா பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக எண்டு எடுத்து, கயித்தை அவிழ்த்து, மூடியைத் திறந்தாள்.

மஞ்சள்! நல்ல பளீர் எண்ட மஞ்சள்! பெட்டியின்ரை விளிம்பு சுத்திவர, மூடியின்ரை விளிம்பு சுத்திவர, வள்ளத்துக்குப் பூசுற எனாமல் பெயின்ற். கோடு கோணாமல், ஒரு சொட்டு வழியாமல், நாலு மூலையிலையும் சிவப்பாலை ஒவ்வொரு பொட்டும் வைச்சிருந்தது.

"ஐயோ கடவுளே! ஆர் உதைப் பூசினது?" கோபிகா போட்ட சத்தத்திலை வேலியிலை இருந்த காகம் எழும்பிப் பறந்தது. கரியும் கரியும் நேரை முட்டினால்தான் பெட்டியும் மூடியும் ஒரே சுவர். நடுவிலை பெயின்ற் வந்தால் மின்சாரத்துக்கு அது மதில். சுத்திவர இடுக்கு விட்டமாதிரி, அதாலை இரைச்சல் முழுக்க ஒழுகியிருக்கு. "மச்சாள், என்ன செய்தனியள்? என்ரை அண்ணனைக் கொல்லப் பாத்தனியளோ?"

இராசமலர் மிரண்டுபோய், "நான் தொடேல்லை கோபி, சத்தியமாத் தொடேல்லை" எண்டாள்.

"நான்தான் பூசினனான்."

குசினி வாசலிலை பாலேஸ்வரி நிண்டா. கையிலை அகப்பை. "என்னத்துக்குப் பிள்ளை விடியக் காத்தாலை குளறுறாய்? நீதானே சொன்னனீ, ரெண்டு விளிம்பும் வடிவா இருக்கவேணும் எண்டு."

எங்கடை ஊரிலை வடிவு எண்ட சொல்லு ரெண்டு வேலை பாக்கும். வடிவாப் பார் எண்டால் கவனமாப் பார். வடிவான பிள்ளை எண்டால் அழகான பிள்ளை. அவள் படலையடியிலை நிண்டு சொன்னது ஒண்டு, குசினிக்கை இருந்தவவின்ரை காதிலை விழுந்தது மற்றது.

"துப்பரவா, நீட்டா இருக்கவேணும் எண்டு சொன்னனான் மாமி!"

"அப்ப துப்பரவா எண்டு சொல்லியிருக்கவேணும். படிச்ச பிள்ளை, நாலு சொல்லுத் தெரியாதே?"

"அதுக்கு மஞ்சளே பூசுவியள்? ஆர் உங்களைக் கேட்டது? நீங்கள் என்ரை அண்ணனோடை கதைக்கிறதும் இல்லை!"

பாலேஸ்வரியின்ரை முகம் மாறிச்சுது. அகப்பையை வாசல்படியிலை வைச்சா. "கதைக்காட்டி? கதைக்காட்டி ஆள் சாகவேணுமோ? முழுக்கக் கறுப்பு. நாலு பக்கமும் அடைச்சு, மூடி, கயித்தாலை கட்டின பெட்டி. உதை உப்பிடியே கடலுக்கு அனுப்பிறதோ? எனக்கு மனம் கேக்கேல்லை. பெட்டியிலை ஒரு பிள்ளை போனது காணாதோ எனக்கு?"

கோபிகா அப்பிடியே கிணத்துக்கட்டிலை இருந்திட்டாள். இவ்வளவு நாளும் இந்த மனிசியைக் கல்லு, கருங்கல்லு எண்டு மனசுக்கை திட்டினவள். அந்தக் கல்லு, தன்னோடை கதைக்காத மருமகனுக்கு ஒண்டும் வரக்கூடாது எண்டு, ஆருக்கும் தெரியாமல் இருந்து பெயின்ற் பூசிப் பொட்டு வைச்சிருக்கு. கோவம் போன இடம் தெரியேல்லை. அழுகைதான் வந்தது.

"மாமி, இஞ்சை வாங்கோ. ஒருக்கா வந்து கேளுங்கோ" எண்டாள்.

வள்ளத்திலை இருந்த பற்றரியையும் செற்றையும் எடுத்து வந்து, கிணத்தடியிலையே வைச்சுத் திறந்தாள். விடியப்புற நேரம், வள்ளங்கள் எல்லாம் மீனோடை திரும்பி வாற நேரம். செற்றுக்கை சந்தைக்கடை. கனிசியஸ் ஆரையோ, "என்ன மச்சான், இண்டைக்குச் சூடையோ?" எண்டு நக்கலடிச்சுக்கொண்டிருந்தார். கோபிகா லைற்றைப் பெட்டியில்லாமல் போட்டாள். 'உஸ்' எண்ட இரைச்சல். கனிசியஸ் இல்லை, ஒருத்தரும் இல்லை. நூர்த்தாள். கனிசியஸ் சிரிச்சார்.

பாலேஸ்வரி கிட்ட வந்தா. "திருப்பிப் போடு."

போட்டாள். இரைச்சல்.

"விடு, நான் போடுறன்." சுவிச்சைத் தானே வாங்கி, போட்டா, நூர்த்தா, போட்டா, நூர்த்தா. குரல் வந்தது, போச்சு, வந்தது, போச்சு. கடைசியா லைற்றைப் போட்டபடி விட்டிட்டு, அந்த இரைச்சலுக்குக் காதைக் குடுத்துக்கொண்டு குந்தியிருந்தா. இராசமலர் தாய்க்குப் பக்கத்திலை வந்து இருந்தாள்.

"என்ரை பிள்ளை கூப்பிட்டது இதுக்குள்ளையோ?" எண்டு கேட்டா பாலேஸ்வரி.

"ஓம் மாமி."

"அவருக்கு இதுதான் கேட்டதோ?"

"ஓம் மாமி. இது மட்டும்தான்."

பாலேஸ்வரி சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதா. செத்தவீட்டிலை அழாத அழுகை. இராசமலரும் அழுதாள், கோபிகாவும் அழுதாள். அழுது முடிஞ்ச பிறகு மூண்டு பேருமா இருந்து அந்த மஞ்சளைச் சுரண்டிச்சினம். பூசினவ கத்தி முதுகாலை சுரண்ட, கோபிகா சாண்ட் பேப்பராலை தேய்க்க, இராசமலர் துணியாலை துடைச்சாள். "உந்தப் பொட்டை எண்டாலும் விடன்" எண்டா பாலேஸ்வரி. "மேலை, மூடிக்கு வெளிப்பக்கம் வையுங்கோ மாமி, அங்கை எவ்வளவும் வையுங்கோ" எண்டாள் கோபிகா. மூடியைப் போட்டு, கட்டி, லைற்றைப் போட்டிச்சினம். லைற் எரிஞ்சுது. கனிசியஸ் இன்னும் சூடைமீன் கதைதான் கதைச்சுக்கொண்டிருந்தார். கரகரப்புக் கொஞ்சம் இருந்ததுதான், ஆனால் சொல்லுக்குச் சொல்லு விளங்கிச்சுது.

ஆனால் சிவகரன்? லைற் எண்ட கதையே எடுக்கக்கூடாது எண்டவன். அவனிட்டை ஆர் போய்ச் சொல்லுறது? சொன்னாலும் கேக்கிற ஆளே? ஆகவே சொல்லேல்லை. மத்தியானம் அவன் நித்திரை கொண்ட நேரம் மச்சாளும் மச்சாளும் கரைக்குப் போய்ப் பெட்டியையும் லைற்றையும் செற்றையும் இருந்தபடி பூட்டிப்போட்டு வந்திட்டினம். பின்னேரம் அவன் வள்ளம் தள்ளேக்கை அதைக் கண்டான். மூடியிலை இருந்த குங்குமப் பொட்டை ஒருக்காப் பாத்தான். கழட்டேல்லை. தள்ளிக்கொண்டு போயிட்டான்.

மைமல் இருண்டு வந்தது. சங்கக் கட்டிடத்துக்கு முன்னாலை மூண்டு பேரும் நிண்டினம். கடலிலை அங்கை ஒண்டு இஞ்சை ஒண்டா மற்ற வள்ளங்களின்ரை லைற் பத்தத் தொடங்கிச்சுது. சிவகரன் நிக்க வேண்டிய பக்கம் மட்டும் இருட்டு.

"போடமாட்டார் போலை" எண்டாள் இராசமலர்.

பாலேஸ்வரி கையை நீட்டினா. "தா உதை."

கோபிகா செற்றைக் குடுத்தாள். "கதைக்கேக்கை உதை அமத்துங்கோ மாமி, கதைச்சு முடிய விடுங்கோ." பாலேஸ்வரி அமத்தினா. விட்டா. திருப்பி அமத்தினா.

"தம்பி," எண்டா. கடலிலை நிண்ட எல்லாருக்கும் கேட்டிருக்கும், அதைப்பற்றி அவவுக்கு ஒரு கவலையும் இல்லை. "தம்பி, நான் மாமி கதைக்கிறன். லைற்றைப் போடுங்கோ."

அமத்தின கையை எடுக்காமல் நிண்டா. கோபிகா மெல்ல அந்த விரலைத் தூக்கிவிட்டாள். செற்றிலை சத்தம் இல்லை. எந்த வள்ளத்திலையும் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. இருட்டு, இருட்டு, பிறகு வடக்குப் பக்கம் ஒரு லைற் பத்திச்சுது.

இராசமலர் கோபிகாவின்ரை கையை நோகப் பிடிச்சாள்.

"தம்பி, இப்ப கேக்குதோ?" எண்டா பாலேஸ்வரி. இந்த முறை தானே விரலை எடுத்தா.

ஒண்டுமில்லை. சுரண்டினது காணாதோ, மூடி விலகியிட்டுதோ, வயர் கழண்டுட்டுதோ எண்டு கோபிகாவுக்கு ஆயிரம் யோசினை ஓடிச்சுது. ஆள் அழுதுகொண்டு நிக்கிறான் எண்டது அவளுக்கு எப்பிடித் தெரியும்?

"கேக்குது மாமி." உடைஞ்ச குரல். லைற் எரிஞ்சுகொண்டே இருந்தது. "வடிவாக் கேக்குது மாமி. அண்டைக்கு எனக்குக் கேக்கேல்லை. சத்தியமாக் கேக்கேல்லை. கேட்டிருந்தால் நான் வந்திருப்பன்."

"தெரியும் தம்பி," எண்டா பாலேஸ்வரி. "எனக்கு இப்ப தெரியும். லைற்றை மட்டும் நூர்க்காதேங்கோ. நீங்கள் நிக்கிற இடம் எனக்குத் தெரியவேணும்."